ரைட்டரய்யா கற்ற ஒரே சொல்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபத்து மூன்று. தாடி இருந்ததும் சீடருக்குத்தான்.

குருவின் பெயர் எப்சிபா. தென்காசியில் ஒரு ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்புக்கு மேலே, மாடியில், அவர் பாடம் நடத்தினார். 'ஸ்போக்கன் இங்கிலீஷ், அறுபது நாள்' என்று வெளியே பலகை தொங்கியது. கீழே யாராவது ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் மேலே பாடம் நின்றுவிடும். சத்தம் அடங்கும்வரை குரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புதிதாக வருகிறவர்கள் அதைத் தியானம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சீடரின் பெயர் ஆவுடையப்பன். பத்திரம் எழுதுகிறவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே முப்பத்து நாலு வருடம் உட்கார்ந்து வீடு, வயல், தோப்பு, கிணற்றுப் பாத்தியதை என்று எழுதித் தள்ளியவர். ஊரில் எல்லாருக்கும் அவர் ரைட்டரய்யா. அவர் எழுதிய பத்திரத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

மதியம் இரண்டு மணிக்கு, வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அவர் மாடியேறினார்.

"எனக்கு அறுபது நாள் வேண்டாம் டீச்சர். மொத்த இங்கிலீஷும் வேண்டாம். ஒரே ஒரு சொல்லு போதும்."

"எந்தச் சொல்லு?"

"கெட்."

குரு அவரையே பார்த்தார்.

"'கெட் அவுட்'னு சொல்லுதாங்கள்லா, அந்த 'கெட்'. 'அவுட்' எனக்குத் தெரியும், கிரிக்கெட் பாக்குதேன். 'கெட்'தான் தெரியல."

"உங்கள யாரு கெட் அவுட்னு சொன்னது?"

ரைட்டரய்யா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"என்னைய யாரும் சொல்லல டீச்சர்."

ஆறு வருடத்துக்கு முன்னால், அவருடைய ஒரே மகள் உலகம்மை, லண்டனுக்கு வேலைக்குப் போனவள், நீல் என்ற வெள்ளைக்காரப் பையனோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். உலகம்மை என்று பேர் வைத்தவர் அவர்தான். அவள் உலகத்தில் பாதியைச் சுற்றி ஒருவனைக் கூட்டிவந்ததற்கு மட்டும் அவர் தயாராக இல்லை. பையன் ஒட்டிக்கோ வேட்டி கட்டியிருந்தான். கையில் திருநெல்வேலி அல்வா இருந்தது. "அப்பா, இவரத்தான் கட்டிக்கப் போறேன்" என்றாள் மகள்.

நம் ஊரில் கோபம் தலைக்கேறினால் இங்கிலீஷ்தான் வரும். ரைட்டரய்யா அன்றைக்கு ஆயுளில் முதல்முறையாக இங்கிலீஷ் பேசினார். "கெட் அவுட்!" என்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்னார். அதன் அர்த்தம் மகளுக்குத் தெரியும், அந்தப் பையனுக்கும் தெரியும். சரியாகத் தெரியாதவர் சொன்னவர் ஒருத்தர்தான்.

அல்வாவைப் படியில் வைத்துவிட்டு இரண்டு பேரும் போனார்கள். அதற்குப் பிறகு மகள் அம்மாவிடம் மட்டும்தான் போனில் பேசினாள். கல்யாணம் ஆன சேதியும் போனில்தான் தெரிந்தது. மகள் பேசும்போதெல்லாம் ரைட்டரய்யா ஃபேனை நிறுத்திவிட்டு, பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து, ஒரே பக்கத்தை அரைமணி நேரம் படிப்பார்.

இந்த ஆடியில் சாரல் பார்க்க மகளும் மருமகனும் ஐந்தாறு நாள் குற்றாலம் வருகிறார்கள். ஓட்டலில் ரூம் எடுத்தாயிற்று. "வீட்டுக்கு வாட்டி" என்று அம்மா கெஞ்சியதற்கு, "அப்பா சொன்னத அப்பாதான் மாத்தணும்" என்று மகள் சொல்லிவிட்டாள்.

"முப்பத்து நாலு வருஷத்துல அர்த்தம் தெரியாம ஒரு சொல்ல நான் எழுதுனதில்ல டீச்சர்" என்றார் ரைட்டரய்யா. "ஒரே ஒரு தடவ, ஒரே ஒரு சொல்லத் தெரியாமச் சொன்னேன். பிள்ள போயிட்டா."

கீழே ஒரு ஸ்கூட்டர் உறுமியது. குரு கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் நின்றதும் அலமாரியிலிருந்து தலையணை கனத்துக்கு ஒரு அகராதியை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"பாத்துட்டு நாளைக்கு வாங்க."

மறுநாள் ரைட்டரய்யா மாடிப்படியிலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

"நாப்பத்து மூணு டீச்சர்! நாப்பத்து மூணு!"

நீள நோட்டில் எண் போட்டு, நீல மையில், பத்திரக் கையெழுத்தில் எழுதியிருந்தார்.

"வாங்குறது கெட். போய்ச் சேருறது கெட். புரியுறது கெட். சீக்கு வந்தாலும் கெட், சீக்கு தீந்தாலும் கெட். கல்யாணம் பண்ணுனா கெட், அத்துவிட்டாலும் கெட். ஒரே சர்வே நம்பர்ல நாப்பத்து மூணு பேரு குடியிருக்கான். பட்டா யாரு பேர்ல இருக்கு?"

"எல்லாரு பேர்லயும்தான்."

"கூட்டுப் பட்டாவா? வில்லங்கம்லா!"

"அவங்க சண்ட போட்டுக்கிட்ட மாதிரி தெரியலையே."

"அப்படியில்ல டீச்சர். ஒரு எடம்னா அதுக்கு நாலு மால் சொல்லணும். கிழக்கே இன்னாரு வீடு, மேக்கே இன்ன ஓடை, வடக்கே, தெக்கே. நாலு பக்கமும் எல்லை கட்டுனாத்தான் அது எடம். இதுக்கு எந்தப் பக்கமும் எல்லையக் காணோமே. எல்லை தெரியாம நான் எப்படித் திருத்துவேன்?"

"உங்க வீட்டம்மா பேரு என்ன?"

"சங்கரவடிவு."

"இன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து நாளைக்கு மதியம்வரைக்கும் அவங்க 'போடு'ன்னு சொல்றதையெல்லாம் எழுதிட்டு வாங்க. எல்லை கட்டி."

இது பாடமா தண்டனையா என்று ரைட்டரய்யாவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் நுழைந்ததும் சங்கரவடிவு, "காப்பி போடட்டுமா?" என்றாள். அவர் 'ஒன்று' என்று எழுதினார். "அந்த ஃபேனப் போடுங்க" என்றாள். இரண்டு. சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகச் சொன்னாள், கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொன்னாள், மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள். காலையில் கோலம் போடப் போகும்போது வாசலில் போட்ட செருப்பை ஓரமாகப் போடச் சொன்னாள். ரைட்டரய்யா பின்னாலேயே போய் எழுதினார். பதினோரு மணிக்கு அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன எழுதுதீங்க?"

"நீ சொல்லுதத."

"என்னத்துக்கு?"

"டீச்சர் கேட்டாவ."

சங்கரவடிவு கரண்டியைக் கீழே வைத்தாள். "முப்பத்தஞ்சு வருசமா நான் சொன்னதுல ஒண்ணக்கூட இந்த மனுசன் காதுல போட்டுக்கிட்டதில்ல. இப்ப நோட்டுல எழுதுதாராம்!"

'இருபத்திரண்டு, காதில் போட்டுக்கொள்ளுதல்' என்று ரைட்டரய்யா எழுதினார்.

"என்ன, எம்மேல கேஸ் கீஸ் போடப் போறீங்களா?"

'இருபத்து மூன்று' என்று எழுதினார்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. மதியச் சாப்பாடு சத்தமில்லாமல் நடந்தது.

"இருபத்து மூணு டீச்சர்" என்று அவர் நோட்டை நீட்டினார். "அதோட அவ பேச்ச நிறுத்திட்டா."

"இதுல எந்த எடத்துலயாவது உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சா?"

"இல்லையே."

"எப்படி? எல்லாம் ஒரே சொல்லுதான?"

"சொல்லு ஒண்ணுதான். அவ மூஞ்சியப் பாத்தா எதுக்குச் சொல்லுதான்னு தெரியாதா?"

குரு நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது அவருக்கே கேட்கட்டும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. ஆனால் முப்பத்து நாலு வருடம் முத்திரைத்தாளை நம்பியவர் ஒரு மதியத்தில் மூஞ்சியை நம்பிவிடுவாரா? மறுநாள் அவர் கையில் பத்திரத்தோடு வந்தார்.

"வார்த்த வாபஸ் பத்திரம் டீச்சர். நீங்க இங்கிலீஷ்ல மாத்திக் குடுத்தாப் போதும். ஓட்டலுக்கு அனுப்பிருவேன்."

"படிங்க."

ரைட்டரய்யா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தென்காசி டவுனில் வசிக்கும் காலஞ்சென்ற சுடலைமுத்துவின் குமாரர் ஆவுடையப்பன் ஆகிய நான், என் மகள் உலகம்மைக்கும் அவள் கணவர் நீல் அவர்களுக்கும் மனப்பூர்வமாக எழுதிக்கொடுத்த வார்த்தை வாபஸ் பத்திரம் என்னவென்றால், முன்னொரு தேதியில் என்னால் மேற்படியார்களை நோக்கிச் சொல்லப்பட்ட மேற்படி வார்த்தையானது, அதன் நாற்பத்து மூன்று அர்த்தங்கள் சகிதம், யாதொரு வில்லங்கமும் இன்றி..."

"கொஞ்சம் நிறுத்துங்க. வருத்தப்படுறேன்னு எங்க வருது?"

"வரும், வரும். ரெண்டாம் பக்கம். 'மேற்படி வார்த்தையால் நேர்ந்த சகலவிதமான சேதங்களையும் முன்னிட்டு'ன்னு வருது பாருங்க. அதுக்குள்ள எல்லாம் அடங்கிரும்."

குரு சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டைக் கீழேயிருந்த மெக்கானிக் கூடப் பார்த்திருக்கலாம். தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்.

"ரைட்டரய்யா, எனக்கு ஒரு சந்தேகம். ஒரு பத்திரத்துல தப்பு வந்துருச்சு. பதிவும் ஆயிருச்சு. என்ன செய்வீங்க? அழிச்சு எழுதுவீங்களா?"

"அழிக்கவே கூடாது!" ரைட்டரய்யாவுக்குத் தொழில் கௌரவம் வந்துவிட்டது. "பிழைதிருத்தல் பத்திரம்னு தனியா ஒண்ணு எழுதணும். பழசு அப்படியே இருக்கும். புதுசு அது பக்கத்துல நிக்கும்."

"அதத் தபால்ல அனுப்பலாமா?"

"எப்படி அனுப்புறது? எழுதிக் குடுத்தவரே நேர்ல வரணும். மொதப் பத்திரம் எங்க பதிவாச்சோ அதே ஆபீசுக்கு வரணும். சாட்சி முன்னால நின்னு, 'ஆமா, நான்தான் எழுதுனேன், தப்புதான்'னு..."

அவர் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"பவர் குடுக்கலாம்லா?" என்று மெதுவாகக் கேட்டார். "உங்க பேருக்குப் பவர் எழுதித் தாரேன் டீச்சர். எனக்குப் பதிலா நீங்க போயி..."

"அங்க அழ வேண்டி வந்தா? அதையும் நான்தான் அழணுமா?"

ரைட்டரய்யா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நேர்ல போனா என்ன சொல்லணும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அங்க அவங்க மூஞ்சியப் பாக்கப் போறது நீங்கதான?"

மகள் வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே ரைட்டரய்யா குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார். கக்கத்தில் நோட்டு இருந்தது. நோட்டு நனையாமல் குடையை அதற்குப் பிடித்ததில் அவர் நனைந்துவிட்டார்.

ஓட்டல் வராந்தாவில் நீல் நின்றான். தலை நிறைய எண்ணெய். லுங்கி கட்டி, தோளில் துண்டு போட்டிருந்தான். ஆறு வருடத்தில் கொஞ்சம் தொப்பையும் விழுந்திருந்தது. அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"மாமா! டிட் யூ கெட் வெட்?"

'கெட்' என்ற சொல் காதில் விழுந்ததும் ரைட்டரய்யா ஓரடி பின்வாங்கினார். திருப்பிக் கொடுக்கிறான் என்று நினைத்தார். அவசரமாக நோட்டைப் புரட்டினார். ஒன்பது. நனைந்துவிட்டீர்களா என்று கேட்கிறான்.

"ஐ வில் கெட் யூ எ டவல்" என்று நீல் உள்ளே ஓடினான். பதினாலு. துண்டு வந்தது. "லெட் மீ கெட் எ சேர்" என்றான். நாற்காலி வந்தது. "ஷல் ஐ கெட் சம் டீ?" என்றான். டீயும் வந்தது. ரைட்டரய்யா ஒவ்வொன்றுக்கும் நோட்டைப் புரட்டி எண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். அவன் வாயில் அந்தச் சொல் வந்தபோதெல்லாம் ஏதாவது ஒன்று அவரைத் தேடி வந்தது. அவர் வாயில் வந்த அன்றைக்கு இரண்டு பேர் போனார்கள்.

ரூம் வாசலில் உலகம்மை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. நெற்றிப் பக்கம் இரண்டு நரை விழுந்திருந்தது. போனில் நரை கேட்காதே.

"நல்லா இருக்கியா தாயி?"

"இருக்கேன்."

"வீட்டுக்கு வாங்க. ரெண்டு பேரும்."

"இது எந்த எடம்ப்பா?"

"எது? இதா? ஓட்டலு."

"மூலப் பத்திரம் எங்க பதிவாச்சு?"

பத்திரப் பேச்சு கேட்டே வளர்ந்தவள் கேட்டதும் ரைட்டரய்யா நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நம்ம வீட்டு வாசல்ல."

"அப்போ திருத்தம் எங்க பதியணும்?"

"அதே ஆபீஸ்ல."

"சாட்சி?"

"ரெண்டு."

"அன்னைக்கு யாரு இருந்தா?"

"ஒங்கம்மா இருந்தா. பால் ஊத்த வந்த செல்லையாவும் இருந்தாரு."

"சரி, வாங்க போவோம்" என்று உலகம்மை செருப்பைப் போட்டாள்.

ஒன்றும் விளங்காத நீல், லுங்கியை மாற்றிக்கொண்டு பின்னால் ஓடினான். ஆட்டோவில் ரைட்டரய்யா டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பயமாகவும் இருந்தது. என் மகள்தான், சந்தேகமே இல்லை என்று பெருமையாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பால்காரர் செல்லையா நாலு மணிக்குத்தான் வருவார். அப்போது மணி பன்னிரண்டு. போன் போட்டதில் அவர் இலஞ்சியில் மாட்டுக்கு ஊசி போட நிற்பதாகவும், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதாகவும் சொன்னார். திருத்தம் பதியாமல் படியேற மாட்டேன் என்று உலகம்மை தெருவிலேயே நின்றாள். அவள் நின்றதால் நீலும் நின்றான். சாரல் விழுந்துகொண்டே இருந்தது.

சங்கரவடிவு தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தெருவுக்கே காப்பி கொண்டுவந்தாள். மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடித்ததும் புருஷனைப் பார்த்தாள்.

"பெத்த பிள்ளைக்கும் மருமகனுக்கும் தெருவுல வெச்சுக் காப்பி குடுக்க வெச்சுட்டீரே, நல்லா இருப்பீரா?" பிறகு நீலைப் பார்த்து, "நீ குடிய்யா நீலகண்டா" என்றாள். நீல் என்பது வாயில் நுழையாததால் கல்யாணச் சேதி வந்த அன்றைக்கே அவள் அப்படி மாற்றியிருந்தாள். நீலகண்டன் ஒரு கையில் காப்பியும் மறுகையில் மாமியாருக்குக் குடையுமாக நின்றான்.

எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. செல்லையா பால் கேனோடு டி.வி.எஸ்ஸில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கோர்ட்டுக்கு வந்தவர் முகம் போல ஆகிவிட்டது.

"நான் எங்கன நிக்கணும்?"

"அன்னைக்கு நின்ன எடத்துல" என்றாள் உலகம்மை.

செல்லையா இரண்டடி பின்னால் போய், வேப்பமரத்தடியில் நின்று, கேனைக் கீழே வைத்தார். "இங்கனதான்."

ரைட்டரய்யா நிலைப்படிக்கு உள்ளே நின்றார். அன்றைக்கும் அங்கேதான் நின்றார். நோட்டைத் திறந்தார். குடையைத் தாண்டி எப்படியோ சாரல் பட்டு நீல மை அங்கங்கே கலைந்திருந்தது. பதினேழும் இருபத்தாறும் ஒன்றாகக் கலந்து ஓடியிருந்தன.

"அன்னைக்கு இங்கிலீஷ்லதான சொன்னீங்க, இன்னிக்கும் இங்கிலீஷ்லயே சொல்லுங்க" என்றாள் மகள்.

"கெட்..." என்றார் ரைட்டரய்யா. ஒரு பக்கத்தைத் திருப்பினார். "கெட்..." இன்னொரு பக்கத்தைத் திருப்பினார்.

"ஏன்ய்யா" என்றார் செல்லையா, மரத்தடியிலிருந்து. "அன்னைக்கு நோட்டப் பாக்காமத்தான சொன்னீங்க?"

ரைட்டரய்யா நோட்டை மூடினார். படியைப் பார்த்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் அல்வாவை வைத்த படி. அவர் அதில் இறங்கி, இன்னொரு படியும் இறங்கி, மழையில் வந்து அவர்கள் பக்கத்தில் நின்றார்.

"உலகு, எனக்கு இங்கிலீஷ்ல அந்த ஒரு சொல்லுதான் தெரியும். அதையும் தப்பாச் சொல்லிட்டேன். தப்பு எம்மேலதான். வெளிய போகச் சொன்ன வாயாலதான் கூப்பிடுதேன். உள்ள வாங்க ரெண்டு பேரும்."

அப்படிச் சொன்னபோது அவர் அழுதார். பவர் கொடுத்திருந்தால் நடந்திருக்காது.

என்ன சொன்னார் என்று நீல் மனைவியைப் பார்த்தான். மொழிபெயர்க்க வேண்டியவள் அழுதுகொண்டிருந்தாள். அவன் மாமனார் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "சரி மாமா" என்றான்.

முதலில் படியேறியவனும் அவன்தான். அந்தக் காலத்து வாசல் நிலை, உயரம் குறைவு. 'டம்' என்று சத்தம் கேட்டது.

"ஐயோ நீலகண்டா!" என்று சங்கரவடிவு உள்ளே ஓடினாள். உலகம்மை அழுதபடியே சிரித்தாள். மரத்தடியில் செல்லையா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு மரியாதையாகக் கேட்டார்:

"நான் கையெழுத்து எங்கன போடணும்?"

மறுநாள் இரண்டு மணிக்கு ரைட்டரய்யா அல்வாப் பெட்டியோடு மாடியேறினார். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். மருமகனுக்கு நெற்றியில் வீக்கம், சங்கரவடிவு மஞ்சள் பத்துப் போட்டிருக்கிறாள், ஓட்டல் ரூமைக் காலி பண்ணிவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள், இன்னும் மூன்று நாள் இருப்பார்கள். குரு அல்வாவைத் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அகராதிய வெச்சுக்கிடுங்க டீச்சர்" என்று ரைட்டரய்யா அதை மேசையில் வைத்தார். "எனக்கு ஒரு சொல்லு போதும்னு வந்தேன். படிப்பு முடிஞ்சுது."

"இன்னொரு சொல்லு பாக்கி இருக்கே."

"எது?"

"அவுட்."

ரைட்டரய்யா சிரித்தார். "அதான் மொத நாளே சொன்னேனே, அது தெரியும்னு. கிரிக்கெட் பாக்குதேன்லா?"

"கிரிக்கெட்ல அவுட் ஆனவர் எங்க போவாரு?"

"பெவிலியனுக்குப் போவாரு. அங்க சேர் இருக்கும், துண்டு இருக்கும், குடிக்க ஏதாவது குடுப்பாங்க."

"அன்னைக்கு உங்க படிய எறங்கி உங்க பொண்ணு எங்க போனாங்க?"

ரைட்டரய்யா வாயைத் திறந்தார். கிழக்கே என்ன, மேற்கே என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டா, ரயிலா, யார் வீடா? அன்று ராத்திரி இரண்டு பேரும் எங்கே படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள்? ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை.

"தெரியாது டீச்சர்."

கீழே ஸ்கூட்டர் சத்தம் எழுந்தது. இந்த முறை கண்ணை மூடிக்கொண்டவர் சீடர். சத்தம் அடங்கியும் அவர் திறக்கவில்லை. பதில் அகராதியில்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, கை மட்டும் மேசையில் தடவி அதைத் தேடியது.

குரு அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"அந்தச் சொல்லுக்கு அகராதி உங்க வீட்டுக்கு வந்திருக்கு, ரைட்டரய்யா. மூணு நாள்ல ஊருக்குப் போயிரும்."